உறுதியைக் கேட்கும் தரகர்

கடல் கடந்து வாழும் நண்பர்களிடமிருந்தும் அவர்களுடைய நண்பர்களிடமிருந்தும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "பருத்தித்துறையிலை இருக்கிற எங்கடை வீட்டை விற்கப் போறம். நம்பிக்கையான தரகர் ஒருவரைத் தெரியுமோ?" பத்திரிகைக்காரனுக்கு ஊரில் எல்லாரையும் தெரியும் என்பது நம்மவரிடையே உள்ள பழைய நம்பிக்கை. நான் பெயர் எதுவும் சொல்வதில்லை. பதிலாக ஒரு சோதனையைச் சொல்கிறேன். நீங்கள் பேசும் தரகர் முதலில் எதைக் கேட்கிறார் என்று கவனியுங்கள். விலையைக் கேட்டால் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுங்கள். உறுதியைக் கேட்டால் தொடர்ந்து பேசுங்கள்.

இந்தச் சோதனை ஏன் வேண்டியிருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

லண்டனிலோ ரொறன்ரோவிலோ வீடு விற்றுப் பழகியவர்களுக்குத் தரகர் என்றால் பெயர்ப்பலகையும் அலுவலகமும் உள்ள ஒரு நிறுவனம் நினைவுக்கு வரும். ஒன்ராறியோவில் பதிவு பெறாமல் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அங்குள்ள விதிகளை மேலும் இறுக்கியது. பிரித்தானியாவில் 1979 ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணம் எவ்வளவு என்பதையும் விற்பனையில் தமக்குச் சொந்த நலன் ஏதும் உண்டா என்பதையும் தரகர் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்கிறது. இந்தியாகூட 2016 இல் கொண்டுவந்த சட்டத்தின் மூலம், பதிவுபெற்ற கட்டுமானத் திட்டங்களில் வீடு விற்றுக் கொடுக்கும் முகவர்களைப் பதிவுசெய்ய வைத்தது. வீட்டுத் தரகரின் தகுதியைப் பார்த்து, நடத்தையைக் கண்காணித்து, முறைப்பாட்டை விசாரிக்கும் இப்படியான தனி அமைப்பு இலங்கையில் இல்லை.

வடமராட்சியில் தரகர் என்பவர் பெரும்பாலும் இன்னொரு தொழிலையும் வைத்திருப்பவர். கடை வைத்திருப்பார், ஓய்வுபெற்ற உத்தியோகத்தராக இருப்பார், முச்சக்கரவண்டி ஓட்டுவார். கலியாணத் தரகரே காணித் தரகராகவும் இருப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. வீடும் வளவும் சீதனமாகக் கைமாறும் சமூகத்தில் இரண்டும் ஒரே தொழிலின் இரு கிளைகள்தாம். அவருக்கு அலுவலகம் இல்லை என்பது குறையாகாது. எந்த ஒழுங்கையில் யாருடைய வளவு, யார் வெளிநாடு போனார், எந்தக் குடும்பத்தில் வழக்கு நடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்த இணையத்தளத்திலும் கிடைக்காத அறிவு அது. அந்த அறிவு உங்களுக்காக வேலை செய்கிறதா, உங்களுக்கு எதிராக வேலை செய்கிறதா என்பதே கேள்வி.

முதலில் விலையைப் பற்றிப் பேசுவோம். மூன்று தரகரிடம் விசாரித்தால், ஆகக் கூடிய விலையைச் சொன்னவரிடமே வீட்டை ஒப்படைப்பது மனித இயல்பு. அந்த விலையை அவர் தமது பையிலிருந்து தரப்போவதில்லை. சொல்வதற்குச் செலவும் இல்லை. வீடு கைக்கு வந்த பிறகு மாதம் ஒருமுறை தொலைபேசி வரும். "அண்ணை, சந்தை விழுந்து போச்சு", "வந்த ஆள் பின்வாங்கிவிட்டார்", "கூரை சரியில்லை எண்டு சொல்லினம்" என்று விலை படிப்படியாக இறங்கும். ஓராண்டு கழித்து, ஆரம்பத்தில் நேர்மையாகக் குறைத்துச் சொன்ன தரகரின் விலைக்கும் கீழே வந்து நிற்பீர்கள். ஆகவே விலை சொல்பவரிடம் ஆதாரம் கேளுங்கள். கடந்த ஓராண்டில் அதே வட்டாரத்தில் எந்தெந்த வளவுகள் கைமாறின, பரப்பு என்ன விலைக்குப் போனது என்று அவர் சொல்லக்கூடியவராக இருக்கவேண்டும். தும்பளையில் பிரதான வீதியோரம் உள்ள வளவின் விலையைக் காட்டி, புலோலியில் ஒழுங்கைக்குள் இருக்கும் வளவுக்கு விலை சொல்பவர் சந்தையை அறிந்தவரல்லர்.

அளவிலும் கவனம் வேண்டும். கொழும்பில் பேர்ச் கணக்கு. எங்களிடம் பரப்புக் கணக்கு. 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு என்பது சதுர அடியில் 2,722.5. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரின் வளவை விற்கும்போது இந்த இரண்டு கணக்கும் குழம்பிப்போவதைக் கண்டிருக்கிறேன். உறுதியில் உள்ள பரப்பும் நில அளவையாளர் அளந்து காட்டும் பரப்பும் ஒன்றாக இருக்கும் என்றும் எண்ணிவிடக்கூடாது. வேலி நகர்வது எங்கள் ஊரின் மிகப் பழைய விளையாட்டு.

அடுத்தது தரகுக்கூலி. "உங்களுக்குக் கையிலை எவ்வளவு வேணும்? அதைச் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று சொல்லும் தரகர் உண்டு. கேட்பதற்கு இனிமையான வார்த்தை. கூலி பேசும் சங்கடமே இல்லை. அதன் பொருள், நீங்கள் சொல்லும் தொகைக்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாவும் அவருடையது என்பதே. வாங்குபவர் எவ்வளவு கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியவே வராது. வெளிநாட்டில் இருப்பவர் ஊர்விலை அறியாதவர் என்பதால், இந்த ஏற்பாடு முழுக்க முழுக்க அந்த அறியாமையின் மேல் கட்டப்படுகிறது. இன்னொரு வழக்கம், விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கூலி பெறுவது. அதை மறைக்காமல் சொல்லிச் செய்தால் நான் குறைகூறமாட்டேன். மறைத்துச் செய்தால் அவர் யாருடைய ஆள் என்பது அவருக்கே தெரியாது.

நேர்மையான வீதக் கூலியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிற், சாட் சிவர்சன் ஆகிய இருவரும் சிக்காகோப் பகுதியில் நடந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, பிறருடைய வீட்டை விற்பதைவிட ஏறக்குறைய ஒன்பது, பத்து நாள் அதிகமாகக் காத்திருந்தார்கள், ஏறத்தாழ 3.7 வீதம் கூடிய விலையும் பெற்றார்கள். காரணம் எளிது. உங்கள் வீடு பத்து இலட்சம் ரூபா கூடுதலாகப் போனால், நூற்றுக்கு இரண்டு என்ற கூலியில் தரகருக்குக் கிடைப்பது இருபதாயிரம். அதற்காக அவர் இன்னும் மூன்று மாதம் அலைவாரா? அதைவிட இன்றைக்கே முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதே அவருக்கு இலாபம். இதில் களவு எதுவும் இல்லை, கணக்கு மட்டுமே. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு, குறிப்பிட்ட விலைக்கு மேல் போனால் கூலி வீதத்தையும் உயர்த்தித் தருவதாக எழுதிக்கொடுத்தால் இருவரின் நலனும் சற்று நெருங்கி வரும்.

இனி உறுதிக்கு வருவோம். நல்ல தரகர் ஏன் உறுதியை முதலில் கேட்கிறார்? பருத்தித்துறையில் வீடு விற்பதில் கடினமான வேலை வாங்குபவரைத் தேடுவதன்று. விற்கும் உரிமை யாருக்கு உண்டு என்று தெரிந்துகொள்வதே கடினம்.

ஐந்து பிள்ளைகளில் ஒருவர் லண்டனில், இருவர் கனடாவில், ஒருவர் நோர்வேயில், ஒருவர் கொழும்பில். தாய் தகப்பன் காலமாகிவிட்டனர். வீடு இன்னும் தகப்பனின் பெயரில் இருக்கிறது. இத்தகைய வீட்டை மூத்தவர் மட்டும் பேசி விற்றுவிட முடியாது. தேசவழமையின் கீழ்வரும் காணியில் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்த தேசவழமையிலேயே இந்த உரிமை இடம்பெற்றிருக்கிறது. பின்னர் 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அதை ஒழுங்குபடுத்தியது. உரியவர்களுக்கு முறைப்படி முன்னறிவித்தல் கொடுக்காமல் அந்நியருக்கு விற்றால் விவகாரம் நீதிமன்றத்தில் போய் நிற்கலாம். சீதன உறுதியாக இருந்தால் வேறொரு சிக்கல். மனைவியின் காணியை அவர் உயிரோடிருக்கும்போது கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் விதித்தது. அந்த விதி பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பது என் உறுதியான கருத்து. ஆனால் சீதன உறுதியைப் பார்த்ததும் கணவரின் கையெழுத்தைப் பற்றி விசாரிக்கத் தெரியாத தரகர், நாளை உங்களைத் தெருவில் விட்டுவிடுவார்.

கிணறும் வழியும் அடுத்த இடம். எங்கள் உறுதிகளில் வீட்டோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். பக்கத்து வளவோடு பங்குக் கிணறா, ஒழுங்கை பொதுவா தனியாரதா என்பதை வாங்குபவர் முற்பணம் கொடுத்த பிறகு அறிந்தால் பேரம் முறியும். சோலைவரி கட்டிய துண்டு இருக்கிறதா, காணி ஈட்டில் இருக்கிறதா, பதிவகத்தில் வேறு யாராவது ஓர் உறுதியைப் பதிந்திருக்கிறார்களா என்பவற்றையும் முன்கூட்டியே பார்க்கவேண்டும். முனைப் பக்கம், கரையோரம் உள்ள வீடு என்றால், கடலிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் வலயத்துக்குள் வருகிறது. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு வாங்குபவர்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை.

1987 இலும் 1995 இலும் இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் எத்தனையோ குடும்பங்களின் உறுதிகள் தொலைந்துபோயின. அதனால் விற்கவே முடியாது என்று பயமுறுத்திக் குறைந்த விலைக்குக் கேட்பவர்களும் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். நொத்தாரிசு தாம் எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். அங்கிருந்து உறுதிப்படுத்திய நகலைப் பெற வழி உண்டு. உறுதி இல்லை என்றதும் விலையைக் குறைக்கும் தரகரையும், உறுதி இல்லை என்றதும் பதிவகத்துக்குப் போகும் தரகரையும் வேறு பிரித்து அறிய இது நல்ல சந்தர்ப்பம்.

நான் ஆகக் கூடுதலாக வற்புறுத்துவது அடுத்த விடயத்தைத்தான். தரகர் வேறு, நொத்தாரிசு வேறு, உங்கள் அற்றோணி வேறு. இந்த மூவரும் ஒருவரையொருவர் நம்பி வாழாதவர்களாக இருக்கவேண்டும். "நீங்கள் ஏன் பிளேன் ரிக்கற்றுக்குச் செலவழிக்கிறியள்? அற்றோணித் தத்துவத்தை எனக்கு அனுப்புங்கோ. நொத்தாரிசும் எங்கடை ஆள்தான்" என்று தரகர் சொல்லும்போது அதை உபகாரமாக எடுத்துக்கொள்பவர்கள் பலர். விலை பேசுபவர், கையெழுத்திடுபவர், அதைச் சரிபார்ப்பவர் மூவரும் ஒருவரே என்றால் உங்களுக்காகப் பார்க்க அங்கே யார் இருக்கிறார்? 2022 இல் அற்றோணித் தத்துவம் தொடர்பான சட்டத்தைத் திருத்தி இறுக்கியதற்கு மோசடிகளே காரணம். அற்றோணி கொடுக்கத்தான் வேண்டுமென்றால், விற்பனையில் ஒரு சதமும் பெறாத உறவினருக்கோ நண்பருக்கோ கொடுங்கள். இன்ன காணி, இன்ன விலைக்குக் குறையாமல், இன்ன திகதிக்குள், பணம் இன்ன வங்கிக் கணக்குக்கு என்று எழுதிக் கொடுங்கள். "என் சொத்துகள் அனைத்தையும்" என்ற சொற்றொடர் இருந்தால் கையெழுத்திடாதீர்கள்.

பணம் வரும் வழியும் தரகரின் தரத்தைக் காட்டிவிடும். உறுதியில் பாதி விலையை எழுதி, மீதியை லண்டனிலோ ரொறன்ரோவிலோ உண்டியல் மூலம் தருவதாகச் சொல்வது பழகிப்போன யோசனை. வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை மிச்சம். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் அதற்கு மேல் 4 வீதமும் கட்டுபவர் அவர்தானே. விற்பவருக்கு மிஞ்சுவது ஆபத்து மட்டுமே. மீதிப்பணம் வராவிட்டால், முழு விலையும் கிடைத்துவிட்டதாக நீங்களே கையெழுத்திட்ட உறுதியை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்குப் போவீர்கள்? வந்தாலும், இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் நாட்டு வங்கி கேட்கும்போது காட்டுவதற்குக் கடதாசி இல்லை. இலங்கையில் 2018 ஏப்ரலிலிருந்து மூலதன ஆதாய வரியும் நடைமுறையில் இருக்கிறது. 10 வீதமாக இருந்த அது, தனிநபருக்கு 2025 ஏப்ரலில் 15 வீதமாக உயர்ந்தது. பழைய சொத்துக்கு 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதிச் சந்தை விலையையே அடக்க விலையாகக் கொள்ளலாம் என்பதால், வரி பலர் அஞ்சும் அளவுக்கு வருவதில்லை. விற்பவர் தாமே குடியிருந்த வீட்டுக்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. பல ஆண்டு வெளிநாட்டில் இருப்பவருக்கு அது பொருந்தாது. இவற்றையும், பணத்தை முறையாக வெளியே எடுக்கும் வழியையும் வங்கியிலும் கணக்காளரிடமும் முதலிலேயே கேட்டுவிட்டுத்தான் விலை பேசவேண்டும்.

வாங்க வருபவர் யார் என்பதையும் நல்ல தரகர் விசாரிப்பார். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கைக் குடியுரிமையைக் கைவிட்டு வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவருக்கு இங்கே காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடையில்லை. கனடாவில் இருந்து ஊருக்கு வந்து, பிறந்த இடத்திலே ஒரு வீடு வேண்டும் என்று உணர்ச்சியோடு பேரம் பேசுபவர் எந்தக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்று முதலிலேயே கேட்காத தரகர், உங்களுடைய ஆறு மாதத்தை வீணாக்கிவிடுவார்.

பணத்தைவிடப் பெரிய விடயம் ஒன்றும் உண்டு. பருத்தித்துறையில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைவிட, யாரோ குடியிருக்கும் வீடுகளே அதிகம். தூரத்து உறவினரோ, 1995 இல் இடம்பெயர்ந்து வந்த குடும்பமோ, கணவனை இழந்த ஒரு சின்னம்மாவோ அங்கே இருப்பார். ஷெல் விழுந்து உடைந்த ஓட்டை மாற்றியவர் அவர். தென்னைக்குத் தண்ணீர் வார்த்தவர் அவர். வீட்டில் ஆள் இருந்தபடியால்தான் யன்னலும் கதவும் களவு போகாமல் இன்றைக்கு விற்பதற்கு ஒரு வீடு இருக்கிறது. அவரைப் பற்றித் தரகரிடம் சொல்லும்போது வரும் பதிலைக் கவனியுங்கள். "அதை விடுங்கோ, நான் எழுப்பித் தாறன்" என்றால் அவர் உங்கள் பெயரால் என்ன செய்யப்போகிறார் என்று யோசியுங்கள். சட்டத்தின் கண்ணிலும் இது இலகுவான விடயமல்ல. நெடுங்கால ஆட்சியால் உரிமை கோரும் வழக்குகள் பல. போர்க்காலத்தில் தம் காணிக்கு வரமுடியாதுபோனவர்களுக்காக 2016 இல் தனிச்சட்டமே இயற்றவேண்டி வந்தது. சட்டம் எப்படியிருந்தாலும், வீடு காத்தவருக்கு விற்பனைக்கு முன்னரே நேரில் சொல்லி, அவகாசம் கொடுத்து, விலையில் ஒரு பங்கை ஒதுக்குவது விற்பவரின் கடமை. தரகர் மூலம் அனுப்பக்கூடிய செய்தியல்ல அது.

தரகர்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. பத்திரிகையில் சிறுவிளம்பரப் பக்கத்தைப் பல ஆண்டு பார்த்தவன் நான். "தரகர் தேவையில்லை" என்று வரும் விளம்பரங்களில் சில தரகர்களே கொடுப்பவை என்பது எங்கள் அலுவலகத்தில் பழைய பகிடி. அதேவேளை, தரகர் ஆளைக் கொண்டுவந்து காட்டிய பிறகு, அவருக்குத் தெரியாமல் அந்த ஆளோடு தொலைபேசியில் பேசி முடித்து, கூலியைக் கொடுக்காமல் விடுபவர்களும் நம்மவரே. வெயிலில் பத்துப்பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வளவைக் காட்டியவருக்குக் கடைசியில் மிஞ்சுவது மோட்டார் சைக்கிளுக்கு அடித்த பெற்றோல் செலவு. இப்படி ஏமாந்த தரகர் அடுத்த முறை தமது கூலியை விலைக்குள் ஒளித்து வைக்கப் பழகிவிடுகிறார். தரகர்கள் எல்லாரும் கள்ளர் என்று சொல்லும் நாங்கள், அவர்களை அப்படி ஆக்குவதில் எங்களுக்குள்ள பங்கைப் பேசுவதில்லை.

ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூலி எத்தனை வீதம், யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எத்தனை மாதத்துக்கு இந்த ஏற்பாடு, அவர் காட்டிய ஆளுக்கே பின்னர் விற்றாலும் கூலி உண்டா, வாங்குபவரிடமும் அவர் பெறுகிறாரா, இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் வராது. காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் இருக்கவேண்டும் என்று 1840 ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்த நாட்டில், அந்த விற்பனைக்கு வழிகோலும் ஆளோடு மட்டும் வாய்ப்பேச்சில் ஒப்பந்தம் செய்வது விந்தை. இந்தத் தாளில் கையெழுத்திடச் சம்மதிப்பவர் நல்லவராக இருக்க வாய்ப்பு அதிகம். மறுப்பவரைப் பற்றி மேலும் ஆராயவேண்டிய தேவையில்லை.

வீட்டை விற்கவே கூடாது என்று சொல்வது என் நோக்கமன்று. திரும்பி வரமாட்டாத பிள்ளைகளுக்காக இடியும் வரை ஒரு வீட்டைப் பூட்டி வைத்திருப்பதில் யாருக்கும் நன்மையில்லை. அதில் ஓர் இளங்குடும்பம் குடிவந்து, பிள்ளைகள் ஹாட்லிக்கும் மெதடிஸ்த பெண்கள் பாடசாலைக்கும் நடந்துபோனால் ஊர் வாழும். ஆனால் பலருக்கு இந்த விற்பனை, பிறந்த மண்ணில் இடும் கடைசிக் கையெழுத்து. அதற்குப் பிறகு பருத்தித்துறைக்கு வந்தால் விடுதியில்தான் தங்கவேண்டும். அந்தக் கையெழுத்து சகோதரங்களைப் பிரிக்காமலும், வீடு காத்தவரைத் தெருவில் நிறுத்தாமலும், வாங்கியவருக்கு வழக்கை விட்டுச்செல்லாமலும் இருக்கவேண்டும். நூற்றுக்கு இரண்டோ மூன்றோ கொடுத்து நாம் அமர்த்துவது அதற்கு உதவும் ஒரு மனிதரை. இதை மனதில் வைத்துக்கொண்டு முதல் தொலைபேசி அழைப்பை எடுங்கள். அவர் உறுதியைக் கேட்கும் வரை விலையைச் சொல்லாதீர்கள்.